சத்தம் கேட்டால் அமுக்கவும்

சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் சார் என்று சொல்லி ஒரு பொத்தானை நீட்டிவிட்டு அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு எளிதான வேலையை என்னிடம் யாரும் கொடுத்து நாளாயிற்று. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய, ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய இந்தப் பெட்டிக்குள் வந்து உட்கார்வது எனக்குப் புதிதில்லை. ஹெலிகாப்டர் ஓட்டுகிறவனுக்கு முதலில் காது போகும், பிறகு இடுப்பு போகும், வாய் மட்டும் கடைசி வரை போகாது என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. அதனால் வருடா வருடம் காதைப் பார்த்துவிடுவார்கள். ஆனால் இது அந்த வருடாந்தரச் சோதனை இல்லை. பத்தொன்பது நாளைக்கு முன்னால் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு உப்பளத்துக்கு மேலே என் வண்டியின் எஞ்சின் நின்றுபோனது, வண்டியை இறக்கினோம், உள்ளே இருந்த இரண்டு பேரும் நடந்தே வெளியே வந்தோம். இவன் மறுபடி பறக்கலாமா என்று பார்க்கத்தான் நேற்று கண், ரத்தம், இதயம், இன்று காது. இப்போது மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்கு இதே கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் விசாரணை. என் வாக்குமூலம் பையில் இருக்கிறது, கம்பெனி ஆபீசிலேயே அடித்துக் கொடுத்துவிட்டார்கள், ஒரே பக்கம், அடியில் கேப்டன் தீனதயாளன் என்று என் பெயர், அதற்கு மேலே கொஞ்சம் வெற்றிடம். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். அதோ, வலது காதில் ஒரு மெல்லிய சத்தம். அமுக்கினேன். பொத்தானை இடது கையில் வாங்கியிருக்கிறேன் என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கைதான், ஆனால் ஒரு பொருளை யாராவது நீட்டினால் முந்திக்கொள்வது இடது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். நாங்கள் நம்பிப் பிழைக்கிற கை அது, அதைப் பற்றித்தான் அந்த ஒரு பக்கமும்.

அன்றைக்கும் ஒன்றும் விசேஷமில்லாத காலைதான். கடலோரத்தை மேலிருந்து அளக்கிற வேலை. வண்டியின் வயிற்றில் ஒரு கேமரா. நான் அறுநூறு அடி உயரத்தில் வடக்கே நேராகப் போக வேண்டும், திரும்ப வேண்டும், பக்கத்துக் கோட்டில் தெற்கே வர வேண்டும். உயரம் கூடினாலும் படம் கெடும், குறைந்தாலும் கெடும். இடது இருக்கையில் அருள்பிரகாசி, எங்கள் டெக்னீஷியன். முப்பத்தெட்டு வயது, மணப்பாட்டுக்காரி, எஞ்சினோடு பேசுவாளே தவிர மனிதர்களோடு அதிகம் பேசமாட்டாள். காலையில் வண்டியைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான், பறக்கும்போது கேமராவைப் பார்த்துக்கொள்ளக் கூடவே வருவாள். வேலை செய்யும்போது கையில் மோதிரம் கூடாது என்பது சட்டம், அதனால் தன் செபமாலை மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பாள், சுற்றிலும் பத்து சின்னச் சின்னக் குமிழ் வைத்த மோதிரம். இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டதும் அதை எடுத்து மாட்டிக்கொள்வாள், பிறகு இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொள்வாள். அதுவும் சட்டம்தான். விமானியாக இல்லாதவர் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் எதையும் தொடக்கூடாது. எனக்கும் அவளுக்கும் நடுவே, என் இடது கைக்கு வாகாக, ஒரு லிவர். தூக்கினால் வண்டி ஏறும், அழுத்தினால் இறங்கும். அன்று காலை இரண்டு மணி நேரமாக என் இடது கை ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. வண்டி கொஞ்சம் இறங்கினால் லிவரைக் கொஞ்சம் தூக்குவது. யோசித்துச் செய்வதில்லை, மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்டுகிற மாதிரி. என் மனசு அப்போது என் மனைவி சுகுணா செய்து கொடுத்த புளியோதரையில் இருந்தது என்று நினைக்கிறேன். எஞ்சின் நின்றால் செய்ய வேண்டிய முதல் காரியம் லிவரை அடிவரை அழுத்துவது. அப்போதுதான் இறங்குகிற வேகத்தில் கீழிருந்து மேலே அடிக்கிற காற்று பிளேடுகளைச் சுற்ற வைக்கும். அவை சுற்றுகிற வரைக்கும் அது ஹெலிகாப்டர், நின்றால் வெறும் இரும்பு. அதற்குக் கிடைப்பது ஒரு விநாடி, மிஞ்சிப்போனால் ஒன்றரை. இதை நான் நாற்பது பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். கீழே, முதலில் கீழே, யோசனையெல்லாம் அப்புறம் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். தாமதித்த ஒருவனை நீ போய் பஸ் ஓட்டு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். சரி. எஞ்சின் நின்றது. வண்டி இறங்கியது. என் கை தூக்கியது.

சத்தம். அமுக்கினேன். சத்தம் இன்னும் மெலிந்துகொண்டே போகிறது, காதுக்குள்ளா கனவிலா என்று தெரியாத அளவுக்கு. எஞ்சின் நின்றால் பெரிய சத்தம் கேட்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். சத்தம் வராது, இருந்த சத்தம் போய்விடும். கல்யாண வீட்டில் திடீரென்று மின்சாரம் போனால் ஒரு கணம் எல்லோருக்கும் காது திறந்துகொள்ளுமே, அப்படி. வண்டியின் மூக்கு இடது பக்கம் இழுத்தது. பிறகுதான் அந்த ஊதல், பிளேடின் வேகம் குறைகிறது என்று ஹெட்போனுக்குள் விடாமல் ஊதுகிற எச்சரிக்கை. அது ஊதுகிறது, எனக்குக் கேட்கிறது, என்னவென்று தெரிகிறது, கை மட்டும் மேலேயே இருக்கிறது. பயம் என்று சொல்ல முடியாது. பயந்திருந்தால்கூட எதையாவது செய்திருப்பேன். வண்டி இறங்குகிறது, ஆகவே தூக்கு என்று இரண்டு மணி நேரமாகச் சொல்லிவைத்ததைக் கை விசுவாசமாகச் செய்துகொண்டிருந்தது. அப்போது என் கையின் மேல் இன்னொரு கை விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு பாரம். “கீழ சார், கீழ” என்றாள். என் கையையும் சேர்த்து லிவரை அடிவரை அழுத்தினாள். மோதிரத்தின் குமிழ்கள் என் விரல் முட்டியில் குத்தின. ஊதல் நின்றது. பிளேடு பிடித்துக்கொண்டது. ஒரு வண்டியை இரண்டு விமானிகள் கை மாற்றிக்கொள்ளும்போது எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் கையில் என்று ஒருவர் சொல்ல வேண்டும், என் கையில் என்று மற்றவர் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் முதல் ஆள் கையை எடுக்கலாம். ஆங்கிலத்தில்தான் சொல்வோம். பிரகாசி அதைத் தினமும் கேட்டிருக்கிறாள். அவள் தமிழில், என்னவோ சாவிக்கொத்தைத் திருப்பித் தருகிற மாதிரி, “உங்க கையில சார்” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு கணம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள். பதில் வராமலே கையை எடுத்ததுதான் அன்றைக்கு அவள் செய்த ஒரே தவறு என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் அவள் தவறில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் என் வேலைதான், அதில் சந்தேகம் வேண்டாம். இருபது விநாடி. கீழே உப்பளம், பனை ஓலை வேய்ந்த உப்புக் குவியல்கள், நடுவே இன்னும் தண்ணீர் விடாத காய்ந்த பாத்தி ஒன்று. வேகத்தைப் பிடித்தேன், வரப்பைத் தாண்டினேன், தரைக்கு அருகே மூக்கைத் தூக்கி வேகத்தைக் கரைத்தேன், மட்டமாக்கினேன், கடைசியில் லிவரைத் தூக்கினேன். ஆமாம், மேலே எதைச் செய்யக்கூடாதோ அதைத்தான் கீழே செய்ய வேண்டும். பிளேடில் மிச்சமிருக்கிற சுழற்சியெல்லாம் அந்த ஒரு தூக்கலில் தீர்ந்துவிடும், தரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பிழைப்போம். ஒரு அடி சறுக்கி நின்றது. எத்தனையோ தடவை பழகியிருந்தும் அவ்வளவு அழகாக நான் இறக்கியதே இல்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமுமில்லை. கதவைத் திறந்தால் தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மாள் வரப்பில் நின்றுகொண்டு இடுப்பில் கை வைத்துப் பார்க்கிறார். முதலில் எங்களுக்கு அடிபட்டதா என்று விசாரித்தார், இல்லை என்று தெரிந்ததும் சண்டைக்கு வந்துவிட்டார். இருபது பேர் நாலு நாளாக மிதித்த பாத்தி, நேற்றுத்தான் தரை இறுகியது, நாளைக்குத் தண்ணீர் விட இருந்தோம், நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நடுவிலே இறங்கிவிட்டீர்களே என்று. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, அந்தத் தரை இறுகியிருக்காவிட்டால் வண்டியின் கால் சேற்றில் மாட்டிக் குப்புறக் கவிழ்ந்திருக்கும். இருபது பேர் நாலு நாள் மிதித்த மிதியின் மேல்தான் நான் அழகாக இறக்கியிருக்கிறேன். அவர்களுடைய பெயரும் அந்த வாக்குமூலத்தில் கிடையாது. பிரகாசி வண்டியைச் சுற்றி வந்து எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என் பக்கத்தில் வந்து, மெதுவாக, “மோதிரம் குத்திருச்சோ சார்” என்று கேட்டாள். இல்லை என்றேன். என் கையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள், முட்டியில் வரிசையாக மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான், இன்று வரை.

சத்தம். இல்லை. இருக்கிறதா? அமுக்கிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்கிறார். இப்போது இடது காது. அந்த மூன்று புள்ளிகளை உப்பு பட்டுப் புண்ணானது என்று சுகுணா நினைத்துக்கொண்டாள், தேங்காய் எண்ணெய் தடவினாள். என் வலிமையும் பெருமையும் அந்தக் கையில்தான் இருக்கிறது என்கிற மாதிரி அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “இந்தக் கைதானே உங்கள எனக்குத் திருப்பிக் கொடுத்துச்சு” என்றாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவளிடம் மறைத்த விஷயங்கள் உண்டு, எல்லாமே சில்லறை விஷயங்கள், இது மாதிரி ஒன்றை அவள் கன்னத்திலேயே வைத்து மறைத்ததில்லை. செய்தித்தாளில் படம் வந்தது. கம்பெனியில் மாலை போட்டார்கள். என்னிடம் படித்தவர்கள் எல்லாம் போன் செய்து, சார் நீங்கள் கத்திக் கத்திச் சொன்னதை நீங்களே செய்து காட்டிவிட்டீர்கள் என்றார்கள், நான் பஸ் ஓட்டச் சொன்னவன் உட்பட. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், நன்றி என்று வந்து விழும். பிறகு எஞ்சினைப் பிரித்தார்கள். எரிபொருள் குழாயில், ஒரு பட்டைக்கு அடியில், தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. பட்டையைக் கழற்றாமல் கடவுளாலும் பார்க்க முடியாது, தினசரிச் சோதனையில் பட்டையைக் கழற்றுவது கிடையாது. ஆனால் அன்று காலை கையெழுத்துப் போட்டவள் பிரகாசி. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காப்பாற்றியவர் ஒருவர் இருந்தால் காரணமானவர் ஒருவரும் இருக்கத்தான் செய்வார், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார். வாக்குமூலம் மறுநாளே தயாராக வந்தது. எஞ்சின் நின்றவுடன் நான் லிவரை முழுவதுமாகக் கீழே அழுத்தினேன். இது நாலாவது வரி. காலைச் சோதனையின்போது நான் அருகில் இல்லை. இது ஒன்பதாவது. பின்னது உண்மைதான், அதுதான் வேதனை.

எங்கள் வண்டி சின்னது, பேச்சைப் பதிவு செய்கிற கருவி அதில் இல்லை. பிளேடின் வேகம் விழுந்து பிறகு ஏறியது மட்டும் ஒரு கோடாகப் பதிவாகியிருக்கிறது. யார் கை என்று கோட்டுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி பேச மாட்டாள். பேசினால் தொடக்கூடாததைத் தொட்டேன் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், வேலை போகாமல் தப்பிக்கக் கேப்டன் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். ஆகவே நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்காகத்தான் என்று மூன்று நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த எண்ணத்தோடு இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டேன்கூட. பிறகு ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, அவளுக்காக என்றால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்று தோன்றிவிட்டது. சத்தம். அமுக்கினேன். இன்னொரு வழியும் வைத்திருந்தேன். அழுத்து என்று நான்தான் உத்தரவிட்டேன், அதனால்தான் அவள் தொட்டாள் என்று எழுதிவிடலாம். அவளும் தப்பிப்பாள், நானும் பாதி தப்பிப்பேன், யாருக்கும் நஷ்டமில்லை. நேற்று முழுக்க அந்த வழியில்தான் நடந்து பார்த்தேன், போகப் போக அது சுற்றி வந்து நாலாவது வரியிலேயே விட்டது. உத்தரவிட்டேனாம். என் வாயிலிருந்து அன்றைக்குக் காற்றுகூட வரவில்லை. அவள்தான் உத்தரவிட்டாள், கீழ சார் என்று, மரியாதையோடு. மேலே தூக்கினேன் என்று எழுதினால் உரிமம் போகலாம், நிச்சயமாக ஒரு வருடமாவது தரையில் உட்கார வைப்பார்கள், ஐம்பத்தோரு வயதில் ஒரு வருடம் உட்கார்ந்தவன் எழுந்துகொள்வது கஷ்டம். பயமாகத்தான் இருக்கிறது. ஊதல் கேட்கிறது. அதே ஊதல், அமுக்கினேன், நிற்கவில்லை, அமுக்கினேன், விடாமல் ஊதுகிறது, கட்டைவிரலை எடுக்காமல் அடிவரை அமுக்கினேன், பஞ்சுச் சுவர், என் மூச்சு, வேறொன்றுமில்லை. நின்றது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறேன். கீழே. பத்தொன்பது நாள் கழித்து என் கை கீழே அழுத்தியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கதவைத் திறந்த அம்மா, காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் ஒன்று சார் என்று தன் காகிதத்தைக் காட்டினார். நான் சத்தமே கொடுக்காதபோது ஏழு தடவை அமுக்கியிருக்கிறீர்கள், கடைசியில் ஒரு தடவை எடுக்கவே இல்லை, காதில் ஏதாவது இரைச்சல் உண்டா என்று கேட்டார். இருந்தது, இப்போது இல்லை என்றேன். டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன், முதலில் மாடியில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவர் மேஜையிலேயே ஒரு மூலையில் இடம் கேட்டு உட்கார்ந்தேன். வாக்குமூலத்தை எடுத்து நாலாவது வரியைக் கோடு போட்டு அடித்தேன். ஓரத்தில் எழுதினேன். நான் லிவரை மேலே தூக்கினேன். அருள்பிரகாசி என் கையின் மேல் கை வைத்துக் கீழே அழுத்தினார். அதனால்தான் இருவரும் உயிரோடு இருக்கிறோம். ஒன்பதாவது வரிக்குக் கீழே, அந்த வெடிப்பு தினசரிச் சோதனையில் யார் கண்ணுக்கும் தெரியாது என்று சேர்த்தேன். எழுத்து கோணலாக வந்தது, பரவாயில்லை, என் பெயருக்கு மேலே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் மாடியில் விசாரணை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் பிரகாசி உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பை மடியில், இரண்டு கையும் முழங்காலில். என்னைக் கண்டதும் எழுந்தாள். உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைக் கொடுத்தேன். அவள் எஞ்சின் குறிப்பேட்டைப் படிக்கிற மாதிரி விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள், ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மோதிரம் கையில் இருந்தது. பிறகு, “கடைசில எறக்குனது நீங்கதான் சார். அந்த வரிய அடிச்சுராதீங்க” என்றாள். அதை அடிக்கவில்லை என்றேன்.

“நான் தொட்டேன்னு இருக்கு. தொடக்கூடாதுல்ல சார்.”

“உன்ன அந்த சீட்ல உக்கார வச்சது நான்தாம்மா. வண்டிக்குள்ள என்ன நடந்தாலும் கேப்டனத்தான் கேக்கணும். கேக்கட்டும்.”

உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து காகிதத்துக்காகக் கையை நீட்டினேன். அவள் நீட்டினாள், ஆனால் விடவில்லை. காகிதத்தின் ஒரு முனை என்னிடம், மறுமுனை அவள் விரல்களில், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அந்த ஒரு கணம் காத்திருந்த மாதிரியே. எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“என் கையில, பிரகாசி” என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.